ரெமிங்டன் 700 ட்ரிக்கரில் க்ரீப்: கல்லில் தேய்க்கலாமா, மாற்றிவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் 1990களில் செய்த ரெமிங்டன் 700 ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார், .30-06 காலிபர், மானுக்கும் காட்டுப்பன்றிக்கும். ட்ரிக்கரை அழுத்தினால் உடனே விடுபடாமல் கொஞ்சம் நகர்கிறது, சிக்குகிறது, மறுபடி நகர்கிறது, அப்புறம்தான் வெடிக்கிறது. இணையத்தில் பார்த்தபடி சியரை எண்ணெய்க்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினால் சரியாகிவிடுமா, இல்லை புதிய ட்ரிக்கர் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

மாற்றிவிடுங்கள். உங்களிடம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட ட்ரிக்கரைத் தேய்க்கவும் வேண்டாம், திருகைத் திருப்பிச் சரிசெய்யவும் வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை, ஏனென்றால் வேறு துப்பாக்கியாக இருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

முதலில் க்ரீப் என்றால் என்ன என்பதில் தெளிவாக இருப்போம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (தோட்டாவை ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் உருளைதான் போல்ட்) தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் பலமான ஸ்பிரிங்கோடு பின்னுக்கு இழுபட்டு நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது சியர். சியரை விழாமல் தாங்கி நிற்பது ட்ரிக்கரின் ஒரு விளிம்பு. அந்த விளிம்பு சியரின் கீழ் எவ்வளவு தூரம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் பிடிமானம். ட்ரிக்கரை அழுத்தும்போது அந்த விளிம்பு முழுவதும் வெளியே நகர்ந்து வந்தால்தான் சியர் விழும். அந்த நகர்வை விரலில் உணர்கிறோம் அல்லவா, அதுதான் க்ரீப். பிடிமானம் அதிகமாக இருந்தால் நீளமான க்ரீப். விளிம்புகள் சொரசொரப்பாக இருந்தால் சிக்கிச் சிக்கி வரும் க்ரீப். வேட்டைத் துப்பாக்கிகளில் பொதுவாக இந்தப் பிடிமானம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 முதல் 25 பங்கு வரை, அதாவது அரை மில்லிமீட்டர் அளவு இருக்கும். அவ்வளவுதான் அந்த ஆயுதத்தைத் தானாக வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பது. க்ரீப்பைக் குறைக்கிறேன் என்று நாம் கை வைப்பது நேராக அந்த அரை மில்லிமீட்டரின் மேல்தான் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, நிறையப் பேர் க்ரீப்பையும் இழுக்கும் எடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ட்ரிக்கர் கனமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறார்கள், எடை 5 பவுண்டிலிருந்து 3 பவுண்டுக்கு இறங்குகிறது, க்ரீப் அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் முன்பைவிட நன்றாகவே தெரிகிறது, ஏனென்றால் விரலில் அழுத்தம் குறைந்தபின் ஒவ்வொரு சின்ன நகர்வும் உறைக்கும். கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபடும் 4 பவுண்டு ட்ரிக்கர், இழுத்துக்கொண்டே வரும் 3 பவுண்டு ட்ரிக்கரைவிட விரலுக்கு லேசாகத் தோன்றும். அதனால் எடையைத் துரத்த வேண்டாம். அதோடு, ஸ்பிரிங்கை அளவுக்கு மீறித் தளர்த்தினால் ட்ரிக்கர் சுட்டு முடித்தபின் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பி வராமல் போகலாம்.

சரி, உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். 1990களின் 700 என்றால் அதில் இருப்பது வாக்கர் ட்ரிக்கர் என்று அழைக்கப்படும் வடிவமைப்பு. ரெமிங்டனில் பொறியாளராக இருந்த மைக் வாக்கர் வடிவமைத்தது, 1948இல் மாடல் 721, 722 ரைஃபிள்களோடு வந்தது, 1962இல் 700 வந்தபோது அதிலும் தொடர்ந்தது. நன்றாகச் செட் செய்த வாக்கர் ட்ரிக்கர் அந்தக் காலத்துத் தொழிற்சாலை ட்ரிக்கர்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் உள்ளே ஒரு விசேஷம் உண்டு. மற்ற பெரும்பாலான ட்ரிக்கர்களில் சியரைத் தாங்கும் விளிம்பு ட்ரிக்கரின் உடம்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். வாக்கரில் அப்படி இல்லை. ட்ரிக்கரின் முன்பக்கத்தில் கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகடு, எந்தப் பின்னும் திருகும் இல்லாமல், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சியரைத் தாங்குவது அந்தத் தகட்டின் மேல் விளிம்பு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தத் தகடு ட்ரிக்கரிலிருந்து ஒரு கணம் விலகி, மறுபடி வந்து ஒட்டுகிறது.

விலகும்போது நடுவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கோ துருத் துகள்களோ போய் உட்கார்ந்தால் தகடு முழுதாகத் திரும்பாது, பிடிமானம் பாதியாகிவிடும், அதற்கப்புறம் சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கும்போதோ போல்ட்டைத் தொடும்போதோ, விரல் ட்ரிக்கரில் இல்லாமலே வெடிக்கலாம் என்பதுதான் பல வருடங்களாக நீதிமன்றங்களில் வைக்கப்பட்ட வாதம். வடிவமைப்பில் குறை என்பதை ரெமிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2000இல் மொன்டானாவில் வேட்டை முடிந்து தாய் துப்பாக்கியைக் காலி செய்வதற்காகச் சேஃப்டியை விடுவித்தபோது அது வெடித்து, ஒன்பது வயது மகன் இறந்துபோனான். 1982க்கு முந்தைய 700களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், காலி செய்ய வேண்டுமென்றால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும், அந்தத் துப்பாக்கியும் அப்படிப்பட்டதுதான். உங்களுடையது 90களுடையது என்பதால் அந்தப் பூட்டு இருக்காது, சேஃப்டி போட்டபடியே போல்ட்டைத் திறந்து காலி செய்யலாம். அப்படியே செய்யுங்கள்.

பின்னர் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை உள்ளடக்கிய கூட்டு வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்து, பழைய ட்ரிக்கர்களை இலவசமாக மாற்றித் தர ஏற்பாடானது. அதற்கு விண்ணப்பிக்கும் காலக்கெடு 2020இலேயே முடிந்துவிட்டது. உங்கள் துப்பாக்கியில் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே கட்டையை (கையில் பிடிக்கும் ஸ்டாக்கை) கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த 700 அல்லது மாடல் செவன் இருந்தால், அதில் எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற அடுத்த தலைமுறை ட்ரிக்கர் இருக்கக்கூடும். 2014 ஏப்ரலில் அதையும் கம்பெனியே திரும்ப அழைத்தது, பொருத்தும்போது பசை அதிகமாகப் போய்விட்டது என்று. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் அதைச் சுட வேண்டாம்.

இப்போது கல்லில் தேய்ப்பது பற்றி. இந்தப் பாகங்கள் பலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மென்மையான எஃகு. தேய்த்து அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அருமையாக இருக்கும், ஆனால் மென்மையான எஃகு சீக்கிரம் தேய்ந்து, சில நூறு சுடலுக்குள் பிடிமானம் தானாகவே மாறத் தொடங்கும், எப்போது எவ்வளவு மாறியது என்று நமக்குத் தெரியாது. அதைவிட ஆபத்து கோணம். இரண்டு முகங்களும் சந்திக்கும் கோணம் ஒரு டிகிரி பிசகினாலும், ஸ்பிரிங்கின் அழுத்தமே சியரை மெல்லத் தள்ளி வெளியேற்றும் நிலை வரலாம். கையில் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல துப்பாக்கித் தொழிலாளர்கள் இதற்கென்று கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக் வைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே, முகத்தின் வடிவை மாற்றாமல் மெருகு மட்டும் ஏற்றுவார்கள். பழைய வின்செஸ்டர் மாடல் 70 போன்ற எளிய, திறந்த அமைப்புள்ள ட்ரிக்கரை அப்படி ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்வதில் நியாயம் இருக்கிறது. வாக்கரில் அந்தக் காசைச் செலவழிப்பதில் நியாயமே இல்லை, ஏனென்றால் மெருகேற்றினாலும் கனெக்டர் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

திருகுகள்? வாக்கரின் முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று. முன்னால் மேலே இருப்பது விடுபட்டபின் ட்ரிக்கர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, கீழே இருப்பது எடைக்கு, பின்னால் இருப்பது பிடிமானத்துக்கு. பழைய துப்பாக்கி வாங்கும்போது இவற்றின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் அரக்குப்போல ஒன்று பூசி மூடியிருப்பார்கள். அது உடைந்திருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த ட்ரிக்கரை ஒரு நிமிடம்கூட நம்பாதீர்கள்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். உண்மையிலேயே அது க்ரீப்தானா என்று பார்த்துவிடுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, நீங்கள் இருக்கும் அறையிலிருந்து தோட்டாக்களை எல்லாம் வெளியே வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ட்ரிக்கரை மிக மெதுவாக அழுத்தி, விரலை அல்ல, ட்ரிக்கரின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அது ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் ட்ரிக்கர் கார்டின் பிளவில் ஒரு பக்கமாக உரசிக்கொண்டிருந்தால் விரலுக்கு அது அச்சு அசலாகச் சொரசொரப்பான க்ரீப் போலவே இருக்கும். கட்டையைக் கழற்றியபின் ஆக்‌ஷனை (குழலும் போல்ட்டும் ட்ரிக்கரும் உள்ள உலோகப் பகுதி) மட்டும் கையில் வைத்து அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கட்டையோடு சிக்கியும் கட்டையில்லாமல் வழுக்கியும் வந்தால் குற்றவாளி ட்ரிக்கர் அல்ல, பொருத்தம். அதேபோல் எண்ணெய். ட்ரிக்கர் கூட்டுக்குள் மனம்போனபடி எண்ணெய் பீய்ச்சுவது நிறையப் பேரிடம் இருக்கும் பழக்கம், அது வருடக்கணக்கில் கெட்டியாகிப் பிசினாகிவிடும், குளிரில் இன்னும் மோசம். லைட்டர் திரவத்தால் நன்றாகக் கழுவி உலரவிட்டாலே பாதிப் புகார்கள் தீரும். வாக்கரைக் கழுவினால் க்ரீப் போய்விட்டது என்றாலும் மாற்றத்தான் சொல்வேன், வேறு எந்த ட்ரிக்கராக இருந்தாலும் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

எதை வாங்குவது? 700க்கு மாற்று ட்ரிக்கர் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. டிம்னி 1946இலிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள், அவர்களுடைய 700 ட்ரிக்கரில் கனெக்டர் கிடையாது, சியரை ட்ரிக்கரே நேரடியாகத் தாங்குகிறது, வேட்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கனடாவின் ட்ரிக்கர்டெக் வேறு வழியில் போகிறார்கள். சியருக்கும் ட்ரிக்கருக்கும் நடுவே சின்ன உருளை ஒன்றை வைத்துவிட்டார்கள், எஃகும் எஃகும் வழுக்குவதற்குப் பதில் உருளை உருண்டு விலகுகிறது, உராய்வு பெரும்பாலும் போய்விடுவதால் பிடிமானத்தைக் குறைக்காமலே க்ரீப் விரலுக்குத் தெரியாமல் போகிறது. பிடிமானத்தைத் தியாகம் செய்யாமல் க்ரீப்பைப் போக்கும் யோசனை என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஜூவல் ட்ரிக்கர் பெஞ்சில் வைத்துத் துல்லியமாகச் சுடுபவர்களின் நெடுநாள் விருப்பம், சில அவுன்ஸ் அளவுக்குக்கூட இறக்கலாம், ஆனால் தூசியும் சேறும் இருக்கும் வேட்டைக் காட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிம்னியோ ட்ரிக்கர்டெக்கின் அடிப்படை மாடலோ தோராயமாக 150 முதல் 200 டாலருக்குள் முடிந்துவிடும். எடை 3 பவுண்டு, சற்றுக் கூடினாலும் நல்லது. குளிரில் கையுறை போட்ட விரலும், பன்றியைக் கண்டவுடன் ஏறும் படபடப்பும் சேர்ந்தால் ஒன்றரைப் பவுண்டு ட்ரிக்கர் நீங்கள் நினைப்பதற்கு முன்பே வெடித்துவிடும்.

பொருத்துவது கஷ்டமில்லை. போல்ட்டை எடுத்துவிட்டு, கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் ஆக்‌ஷன் தனியாக வந்துவிடும். ட்ரிக்கர் கூட்டு இரண்டு குறுக்குப் பின்களில் நிற்கிறது. பொருத்தமான பஞ்ச் வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டும் என்று புதிய ட்ரிக்கரோடு வரும் தாளில் சொல்லியிருப்பதைப் பார்த்துத் தட்டுங்கள். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது: பின் வெளியே வரும்போது போல்ட் ஸ்டாப் என்ற சின்னத் தகடும் அதன் ஸ்பிரிங்கும் துள்ளி எங்காவது போய்விடும். தட்டுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். புதிய கூட்டைப் போட்டபின் கட்டையில் உட்காரவைத்துப் பார்த்தால் சில சமயம் சேஃப்டி நெம்புகோலோ கூட்டின் பக்கமோ மரத்தில் இடிக்கும். இடிக்கிற இடத்தில் மரத்தைக் கொஞ்சம் செதுக்குவதுதான் வழி, நெம்புகோலை வளைப்பது வழியல்ல. புதிய ட்ரிக்கரின் பிடிமானத் திருகைத் தொடவே வேண்டாம், தொழிற்சாலையில் செட் செய்து அனுப்பியிருப்பார்கள். எடைத் திருகை மட்டும் அவர்கள் சொன்ன எல்லைக்குள் திருப்பிக்கொள்ளலாம்.

பொருத்தி முடித்தபின் செய்ய வேண்டிய சோதனைகளைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். காலித் துப்பாக்கி, அறையில் தோட்டா எதுவும் கிடையாது, குழல் பத்திரமான பக்கம். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, வேண்டுமென்றே பலமாக அடித்து மூடுங்கள், ஒருமுறை அல்ல, பத்துப் பதினைந்து முறை. ஒவ்வொரு முறையும் ஃபயரிங் பின் பின்னாலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தமாக இழுத்து விட்டுவிடுங்கள், பிறகு விரலை முழுதாக எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். அந்த நேரத்தில் 'டிக்' என்று பின் விழுந்தால் அந்த மொன்டானா சம்பவத்தின் கதைதான், அப்படியே கழற்றித் தொழிலாளரிடம் கொடுங்கள். அப்புறம் போல்ட்டைத் திறந்து மூடி, ஃபயரிங் பின்னைப் பின்னால் நிறுத்தி (இதுதான் காக் செய்வது), சேஃப்டியை விடுவித்த நிலையில், கட்டையின் பின்புறத்தைக் கெட்டியான ரப்பர் விரிப்பின் மேல் சில அங்குல உயரத்திலிருந்து தட்டுங்கள், பக்கவாட்டிலும் கையால் தட்டுங்கள். ஒரே ஒருமுறை விழுந்தாலும் அது தோல்விதான், 'பத்தில் ஒன்பது சரி' என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது. தொழிற்சாலைகள் இதைவிடக் கடுமையாகச் சோதிக்கின்றன, அமெரிக்காவில் அதற்கென்று துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் சாமி (SAAMI) அமைப்பின் தர விதிகளே இருக்கின்றன.

வேறு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மவுசர் 98, லீ-என்ஃபீல்டு போன்ற ராணுவ ரைஃபிள்களில் ட்ரிக்கர் முதலில் லேசாக வெகுதூரம் வரும், பிறகு ஒரு சுவரில் முட்டி நிற்கும், அதன்மேல் அழுத்தினால்தான் விடுபடும். அந்த முதல் நகர்வு க்ரீப் அல்ல, அது இரண்டு கட்ட ட்ரிக்கர். ட்ரிக்கரின் மேல்பகுதியில் இரண்டு மேடுகள் இருக்கும், முதல் மேடு பெரும்பாலான பிடிமானத்தை இறக்கிவிடும், இரண்டாவது மேடு தொட்டவுடன் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை விடுவிக்கும். காக் செய்த நிலையில் பிடிமானம் நிறைய இருக்கிறது, சுடும் கணத்தில் குறைவாக இருக்கிறது, போர்க்களத்தில் விழுந்து எழும் துப்பாக்கிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை. இதைப் 'பழுது' என்று நினைத்து முதல் நகர்வை அராவி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நல்ல பழைய ரைஃபிள்கள் அப்படித்தான் கெட்டன. சுவரில் முட்டியபின்னும் இழுபட்டால் மட்டும் அது க்ரீப். சாவேஜ் வைத்திருப்பவர்களுக்கு 2002இல் வந்த அக்யூட்ரிக்கர் இருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம், எடையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், ட்ரிக்கரின் நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டை அழுத்தாமல் சியர் நழுவினால் அதுவே பிடித்து நிறுத்திவிடும். ருகர் 10/22 என்றால் இரண்டு பின்னைத் தள்ளி முழுக் கூட்டையும் ருகரின் பிஎக்ஸ் கூட்டுக்கு மாற்றிவிடலாம், முக்கால் மணி நேர வேலைகூட இல்லை.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உங்கள் சொந்த வேட்டை ரைஃபிளுக்கு இப்படி ட்ரிக்கர் மாற்ற மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை. மற்றவர்களுக்குக் காசு வாங்கித் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் உரிமத்துக்குள் வருகின்றன, அதனால் தமிழ்நாட்டில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டு மேஜையில் இதைச் செய்யாமல் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, உங்கள் எதிர்பார்ப்பைப் பற்றி. 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சிதறுகிறது, ட்ரிக்கர் மாற்றினால் ஓர் அங்குலமாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ட்ரிக்கர் குழலைத் துல்லியமாக்காது. பெஞ்சில் மணல்மூட்டை வைத்துச் சுடும்போது க்ரீப்பால் வரும் நஷ்டம் பலர் நினைப்பதைவிடக் குறைவு, அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோப் மவுண்டின் திருகுகள், ஆக்‌ஷன் திருகுகளின் இறுக்கம், இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை மாற்றிச் சுட்டுப் பார்ப்பது. க்ரீப் நிஜமாகக் கெடுப்பது முட்டி போட்டோ மரத்தில் சாய்ந்தோ சுடும்போது. குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஆடிக்கொண்டே இருக்கிறது, சரியான கணத்தில் விடுபட வேண்டும், ட்ரிக்கரோ எப்போது விடுபடும் என்று தெரியாமல் இழுபடுகிறது, பொறுமையிழந்து விரல் ஒரு வெடுக்கு வெடுக்கும், குண்டு ஓரமாகப் போகும், பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடும். அதற்காகத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மாற்றியபின் கட்டையைக் கழற்றி மாட்டியிருப்பதால் ஜீரோ, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி செய்த சீரமைப்பு, கொஞ்சம் நகர்ந்திருக்கும், காட்டுக்குப் போவதற்கு முன் மைதானத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில சுடலுக்கு மேகசினை நிரப்பாமல் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுங்கள். கழற்றிய வாக்கரை, நல்ல விலை வந்தாலும், வேறு யாருக்கும் விற்காதீர்கள்.